லயத்துப் பலகையும் துப்பாக்கிக் குண்டும்

நேயர்களே, தோட்டப்புறத்தில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் எவரிடமாவது 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாதவராக இருந்தாலும், அது துப்பாக்கியின் பெயர் என்று உடனே சொல்லிவிடுவார். உண்மையில் அது ஓர் அளவின் பெயர். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 303 பங்கு. துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் அவ்வளவு என்பது பொருள். மில்லிமீட்டரில் சொன்னால் 7.7. சுண்டுவிரல்கூட நுழையாத துளை.

இந்தச் சிறு துளையின் கணக்கு ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் உயிர்க் கணக்காக இருந்தது. காட்டில் போரிடும் பட்டாளத்துக்கு எந்தத் துப்பாக்கி ஏற்றது என்பது தளபதிகளின் கவலை. ஆனால் பால்மரங்களுக்கு நடுவே, பலகை வீட்டில், பெண்டு பிள்ளைகளோடு இருப்பவர்களைக் காக்க எந்தத் துப்பாக்கி ஏற்றது, அதில் எந்தத் தோட்டாவைப் போடுவது என்பது வேறு கேள்வி. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டியதாயிற்று. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

பினாங்குத் தீவும் அதன் எதிர்க்கரையான புரோவின்ஸ் வெல்லெஸ்லியும், அதாவது இன்றைய செபராங் பிறையும், 1948 பிப்ரவரி முதல் நாள்தான் மலாயாக் கூட்டரசில் சேர்ந்தன. நான்கே மாதங்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அந்த ஜூன் மாதத்தில் நிபோங் திபால் அருகே கலிடோனியா தோட்டத்தில், பினாங்கு ரப்பர் தோட்டக் குழுமத்தின் தலைவரான ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் தம் பங்களாவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 99 கதவு வீடு என்று இன்று பேர்போன, பாழடைந்த பெரிய மாளிகை அதுதான். பேய்க் கதை பேசுகிறவர்கள் கதவுகளை எண்ணுவதோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே ஒரு மெய்யான கொலை நடந்ததையும், கொன்றவர் யார் என்பது புதிராகவே போனதையும் பலர் அறிவதில்லை.

அதே மாதம் 16-ஆம் நாள் பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைத் துரைமார்கள் ஒரே காலைப் பொழுதில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் கூட்டரசு முழுவதும் அவசரகாலம் பிறந்தது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் கெரில்லாக்கள் காட்டுக்குள் போனார்கள். அவர்களிடம் இருந்த துப்பாக்கிகளில் பல, ஜப்பானியரை எதிர்க்க வேண்டும் என்று பிரிட்டிஷ்காரர்களே 1945-இல் விமானத்திலிருந்து போட்டவை. போர் முடிந்தபின் ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்தார்கள். ஆனாலும் கணிசமான ஆயுதங்கள் காட்டில் புதைந்தே கிடந்தன. புதைத்தவர்களுக்கு இடம் மறக்கவில்லை.

காட்டை ஒட்டியிருந்ததால் தோட்டங்கள் முதல் இலக்காயின. அவற்றைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்ற சிறப்புக் காவலர்களை அரசாங்கம் அவசர அவசரமாகச் சேர்த்தது. முதலாண்டு முடிவதற்குள் அவர்கள் எண்ணிக்கை முப்பதாயிரத்தை ஒட்டிப் போயிற்று. பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள், நம்மவர்களும் இருந்தார்கள். பயிற்சி சில வாரங்கள். கையில் கொடுத்தது த்ரீ நாட் த்ரீ.

நம்மவர்களுக்கு அந்தத் துப்பாக்கி புதிதல்ல. 1943-க்குப் பிறகு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தோட்டத்து இளைஞர்கள் பிடித்துப் பழகியதும், மலாயாவில் பிரிட்டிஷ் படையிடமிருந்து ஜப்பானியர் கைப்பற்றிய இதே .303 ரகத்தைத்தான். பால் வெட்டும் கத்தியை வைத்துவிட்டு அதைத் தோளில் சாய்த்த கைகள் அவை. போர் முடிந்ததும் மறுபடியும் கத்திக்கே திரும்பின.

இப்போது துப்பாக்கியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தோட்டா என்பது பித்தளைக் கூடு. அதன் நுனியில் குண்டு, உள்ளே மருந்து. விசையை இழுத்ததும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு குழலின் நீளம் முழுக்கக் குண்டைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வருகிறது. ஓராங் அஸ்லி மக்களின் சும்பித்தானைப் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரத்தையும் மிஞ்சும் மூங்கில் குழலில் ஊதினால் அம்பு மரத்து உச்சிக்குப் போகிறது. அதையே ஒரு சாண் குழலாக வெட்டிவிட்டு ஊதினால், மூச்சு முழுதும் அம்பைத் தள்ளுவதற்குள் அம்பு வெளியே வந்துவிடும். அந்த மிச்ச மூச்சு வீண். துப்பாக்கியிலும் அதே சங்கதிதான். ஒரு வேறுபாடு: இங்கே வீணாவது மூச்சு அல்ல, நெருப்பு.

சாதாரண .303 துப்பாக்கியான லீ என்ஃபீல்டு நான்காம் எண் ரகத்தின் குழல் 25 அங்குலத்துக்குச் சற்று மேல். துப்பாக்கியின் மொத்த நீளம் 44 அங்குலத்துக்கு மேல். காட்டில் கொடிக்கும் முள்ளுக்கும் நடுவே அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது, உலக்கையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கோழிக்கூட்டுக்குள் நுழைவது மாதிரி. வீட்டுக்குள்ளோ இன்னும் மோசம். கதவருகில் திரும்பவே முடியாது. ஆகவே 1944-இல் பிரிட்டிஷ்காரர்கள் அதையே குறுக்கி ஐந்தாம் எண் ரகம் செய்தார்கள். குழல் 18 முக்கால் அங்குலம். நீளம் ஒரு மீட்டர். எடை 3.2 கிலோ. ஜங்கிள் கார்பைன் என்று பெயர் பெற்றது. அவசரகாலப் படங்களில் குழலின் வாயில் புனல் வைத்தாற்போல் ஒன்று தெரிந்தால், அது இந்தத் துப்பாக்கி என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்தப் புனல் எதற்கு? தோட்டாவை மாற்றாமல் குழலை மட்டும் வெட்டியதன் விலை அது. நீண்ட குழலுக்கென்று அளந்து வைத்த மருந்து, குட்டைக் குழலுக்குள் எரிந்து முடிவதில்லை. மிச்சம் வாய்க்கு வெளியே தீப்பிழம்பாக வெடிக்கிறது. பகலில் பரவாயில்லை. இருட்டில், சுட்டவனுடைய கண்ணே கூசிப்போகும். எதிராளிக்கோ அவன் நிற்கும் இடம் விளக்குப் போட்டுக் காட்டினாற்போல் தெரிந்துவிடும். அந்த வெளிச்சத்தை ஓரளவு மறைக்கத்தான் புனல். சத்தத்தை அது மறைக்கவில்லை. காது அடைத்துவிடும்.

உதையும் கூடிற்று. அதே தோட்டா, துப்பாக்கியோ முன்னைவிட இலேசு; பின்னால் வரும் உதை தோளுக்குத்தானே? இதற்காகக் கட்டையின் அடியில் ஒரு ரப்பர்த் துண்டு வைத்தார்கள். நம்மவர் வெட்டிய பாலில் செய்ததோ என்னவோ. ஆனால் அந்தத் துண்டு கட்டையின் அகலத்தைவிடக் குறுகலாக இருந்ததால், உதை பரவுவதற்குப் பதில் ஒரே இடத்தில் குத்தியது. சுட்டவர்கள் இன்னொரு குறையும் சொன்னார்கள்: இன்று சரியாகக் குறி வைத்த துப்பாக்கி நாளை கொஞ்சம் தள்ளிச் சுடுகிறது என்று. 1947-இல் அதன் உற்பத்தி நின்றது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டிருந்தன. அவற்றில் ஒரு பகுதிதான் மலாயாக் காட்டுக்கு வந்து சேர்ந்தது.

இதற்கு நேர்மாறான வழியில் போனவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் பெரிய துப்பாக்கியை வெட்டவில்லை. முதலில் சிறிய தோட்டாவைச் செய்து, அதற்கேற்ற துப்பாக்கியைப் பிறகு செய்தார்கள். முன்னணியில் சண்டை போடாத ஆட்களுக்காக, அதாவது லாரி ஓட்டி, சமையற்காரர், கணக்கெழுதுகிறவர் போன்றவர்களுக்காக, கைத்துப்பாக்கியைவிட வலுவாகவும் பெருந்துப்பாக்கியைவிட இலேசாகவும் ஒன்று வேண்டியிருந்தது. 1941-இல் எம் ஒன் கார்பைன் பிறந்தது. குழல் 18 அங்குலம், எடை இரண்டரைக் கிலோகூட இல்லை, நீளம் 90 சென்டிமீட்டர். 15 தோட்டா கொள்ளும் கூடு. ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டியதில்லை. விசையை இழுக்க இழுக்கச் சுடும். போர் முடிவதற்குள் அறுபது லட்சத்துக்கு மேல் செய்து குவித்தார்கள்.

அதன் அளவு .30, அதாவது 7.62 மில்லிமீட்டர். கவனியுங்கள்: 7.7-உம் 7.62-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான். துளையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே வலு என்று நினைப்போம். அங்கேதான் ஏமாறுகிறோம். .303 தோட்டாவின் கூடு 56 மில்லிமீட்டர் நீளம். கார்பைன் தோட்டாவினுடையது 33. முன்னதன் குண்டு 11 கிராமுக்குச் சற்று மேல், நீண்ட குழலிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 740 மீட்டர் வேகம். பின்னதன் குண்டு 7 கிராம், வேகம் 600 மீட்டர். கணக்குப் போட்டால் கார்பைன் குண்டின் வலு .303-இன் வலுவில் பாதிக்கும் குறைவு. ஸ்டென் என்ற குட்டை இயந்திரத் துப்பாக்கியின் குழலோ 9 மில்லிமீட்டர், மூன்றிலும் பெரிய துளை. வலுவில் மூன்றிலும் சிறியது அதுவே. அகலமான சட்டியில் கொஞ்சம் சோறு, ஒடுங்கிய பானையில் நிறையச் சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயை அளந்து பசியாறுமா என்று சொல்ல முடியாது.

அவசரகாலம் வளர வளர இந்தக் கார்பைன் போலீசாரிடமும் தோட்டத் துரைமார்களிடமும் பரவலாகப் புழங்கத் தொடங்கியது. காரணம் எளிது. ஜீப்பின் இருக்கையருகே நிறுத்தி வைக்கலாம். கதவருகில் திரும்பலாம். உதை குறைவு என்பதால் மெலிந்த உடம்புக்காரரும் குறி தவறாமல் சுடலாம். ரப்பர் தோட்டத்தில் மரங்கள் நேர் நேராக நிற்பதால் கண்ணுக்கெட்டும் தூரம் கொஞ்சம் அதிகம். ஆனாலும் அது நூறு கஜத்துக்கு அப்பால் பெரிதாகப் போவதில்லை. காட்டுக்குள்ளோ இருபது முப்பது கஜம்தான். ஒரு மைலுக்கு அப்பாலும் ஆளைக் கொல்லக்கூடிய .303 குண்டுக்கு அங்கே என்ன வேலை?

வேலை இல்லை என்பது மட்டுமல்ல, நேயர்களே. வேலை இல்லாத அந்த வலு எங்கே போகும் என்று கேட்க வேண்டும். என் கருத்தில் இந்த வரலாற்றின் நடுப்புள்ளி அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்து லயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வரிசையில் பத்துப் பன்னிரண்டு அறைகள், சில இடங்களில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசைகள். மேலே அத்தாப்பு அல்லது தகரம். அறைக்கும் அறைக்கும் நடுவே ஒரு பலகை. பல லயங்களில் அந்தப் பலகை கூரைவரைகூடப் போகாது. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் நான்காவது வீட்டில் கேட்கும். அந்தப் பலகையின் கனம் ஓர் அங்குலத்துக்கு மேல் இராது. .303 குண்டோ, அருகிலிருந்து சுட்டால் ஓர் அடிக்கும் அதிகமான மரத்தைத் துளைத்துக்கொண்டு போகக்கூடியது. லயத்தின் ஒரு கோடியில் சுட்ட குண்டு, வழியில் ஆள் மீதோ இரும்பு மீதோ படாவிட்டால், மறுகோடிவரை அறை அறையாகப் போய் வெளியேறிவிடும். காட்டிலிருந்து வருகிறவனுடைய குண்டுக்கும் நம்மைக் காக்க வந்தவனுடைய குண்டுக்கும் பலகையைப் பொறுத்தவரை ஒரு வேறுபாடும் இல்லை.

கார்பைன் குண்டு பாதி வலு என்றோமே, அதனால் பலகையில் நின்றுவிடுமா என்றால், நிற்காது. அதுவும் பல பலகைகளைத் துளைக்கும். ஸ்டென் குண்டும் ஒன்றிரண்டைக் கடக்கும். ஆளை நிறுத்தும் வலுவுள்ள எந்தக் குண்டும் அங்குலப் பலகையில் நின்றுவிடாது. ஆகவே தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதால் ஆபத்தைக் குறைக்கலாமே தவிர, ஒழிக்க முடியாது. ஒழிக்கக்கூடியது மண். மணல் மூட்டையை இரண்டு வரிசையாக அடுக்கினால் .303 குண்டும் உள்ளே புதைந்துவிடும். தோட்டத்துப் பங்களாக்களைச் சுற்றி மார்பளவு மணல் மூட்டைகள் எழுந்ததைப் பழைய படங்களில் காண்கிறோம். லயங்களுக்குப் பெரும்பாலும் வந்தவை முள்கம்பி வேலியும் விளக்குக் கம்பமும்தான். வேலி ஆளைத் தடுக்கும், ஆளைச் சோதிக்கவும் உதவும், குண்டைத் தடுக்காது. காலையில் பால் வெட்டப் போகும்போது சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் நிறுத்திச் சோதித்த வேலியும் அதுதான்.

பலகைச் சுவரின் நிலைமையை நாடே அறிய நேர்ந்தது 1950 பிப்ரவரி 23-ஆம் நாள் விடியற்காலையில். ஜோகூரில் மூவார் ஆற்றங்கரையில் புக்கிட் கெப்போங் என்ற சிற்றூர். அங்கே மரத்தால் கட்டிய போலீஸ் நிலையம், பக்கத்திலேயே போலீசாரின் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள். எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய கெரில்லாப் படை ஒன்று இருட்டில் சுற்றி வளைத்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் சரணடைய மறுத்து மணிக்கணக்கில் போராடினார்கள். கணவர் விழுந்தபின் அவர் துப்பாக்கியை மனைவி எடுத்ததாகவும் சொல்லப்படுகிறது. கடைசியில் கட்டடங்களுக்குத் தீ வைத்துவிட்டார்கள். காவலரும் குடும்பத்தாருமாக இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். அன்று அவர்கள் கையில் இன்னும் நல்ல துப்பாக்கி இருந்திருக்கலாம் என்பது ஒரு பேச்சு. சுவர் மண்ணாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

கம்போங்குகளிலும் புதுக் கிராமங்களிலும் வீடு காக்கும் படை என்ற ஹோம் கார்டு வளர்ந்தபோது, அதில் சேர்ந்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். பகலில் தம் தொழில், இரவில் காவல். இவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது .303-உம் அல்ல, கார்பைனும் அல்ல. ஷாட்கன் என்னும் வேட்டைத் துப்பாக்கி. காட்டுப்பன்றி சுடுகிற அதே ரகம். அதன் தோட்டாவில் ஒற்றைக் குண்டு இல்லை. ஒன்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஈயக் குண்டுகள் ஒன்றாகப் புறப்பட்டுக் கொஞ்சங் கொஞ்சமாக விரியும். அருகிலே அதைப்போல் கடுமையானது வேறில்லை. ஐம்பது கஜத்தைத் தாண்டினால் வலு மளமளவென்று இறங்கிவிடும். தூரத்துக்கு உதவாது என்று பட்டாளத்தார் அதைக் குறைவாக நினைத்ததுண்டு. ஆனால் குடியிருப்புக்கு நடுவே நின்று காவல் காப்பவனுக்கு, தப்பிய குண்டு வெகுதூரம் போகாமல் விழுந்துவிடுவது குறை அல்லவே, நன்மை அல்லவா? பலகைக்கு இதுவும் அஞ்சாது. ஆனால் அடுத்த டிவிஷன் லயம்வரை போகாது. காட்டுச் சண்டையிலும் இந்த ஷாட்கன் நன்றாக உதவிற்று என்று பின்னாளில் பட்டாளத்தாரே ஒப்புக்கொண்டார்கள். பத்து கஜத்தில் திடீரென்று எதிராளி முளைக்கும் இடத்தில், குறிபார்க்க நேரம் ஏது?

ஷாட்கன் கொடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அதிகாரிகள் உரக்கச் சொல்லவில்லை. கெரில்லாக்களின் துப்பாக்கிகளில் பாதிக்கும் மேல் பசி என்னவென்றால் தோட்டாதான். .303 இரு தரப்பாருக்கும் பொது. காவலனைக் கொன்று எடுத்த ஒவ்வொரு தோட்டாவும் மறுநாள் மறுபக்கத்திலிருந்து சுடப்படலாம். ஷாட்கன் தொலைந்தால் நட்டம் குறைவு. இந்த யோசனை புதிதல்ல. எகிப்து நாட்டுப் போலீசாருக்காகக் கிரீனர் என்ற ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனம் செய்த ஷாட்கன்னில், வேறெந்தத் தோட்டாவும் பொருந்தாத தனி அளவு வைத்தார்கள். திருடினாலும் சுடத் தோட்டா கிடைக்காது. அளவைத் தேர்ந்தெடுப்பதில் இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது: என் துப்பாக்கி நாளை யார் கையில் இருக்கும்?

நம்மவர்களுக்கு அந்தக் கேள்வி மிகக் கொடிய வடிவத்தில் வந்தது. அவசரகாலச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. எந்த அளவு, எத்தனை தோட்டா என்ற வேறுபாடு கிடையாது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச் முதல் நாள் ரவாங் அருகே ஒரு கைத்துப்பாக்கியோடும் சில தோட்டாக்களோடும் பிடிபட்டார். கண்டெடுத்த ஆயுதத்தை ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தார் என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தியாவில் பிரதமர் நேருவின் அரசாங்கம் அவருக்காகப் பேசியது. பலனில்லை. அவ்வாண்டு மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டில் அதே நாட்டில், அதைவிடப் பன்மடங்கு வலுவுள்ள துப்பாக்கிகளைச் சிறு பயிற்சியோடு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அரசாங்கச் சம்பளத்தில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கியின் குழலைவிட, அதன் உரிமச் சீட்டுதான் ஒருவன் காவலனா குற்றவாளியா என்று முடிவு செய்தது.

உரிமத்தோடு இருந்த துப்பாக்கிகள் எல்லாம் நன்மையே செய்தன என்றும் சொல்வதற்கில்லை. 1948 டிசம்பரில் சிலாங்கூர் பத்தாங் காலியில் ஒரு ரப்பர் தோட்டக் குடியிருப்பில் ஆயுதம் இல்லாத 24 சீனத் தொழிலாளரைப் பிரிட்டிஷ் பட்டாளத்தார் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் குடும்பத்தார் கேட்ட பொது விசாரணையை 2015-இல்கூட பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. லயத்தில் இருப்பவனுக்கு அச்சம் காட்டுப் பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை.

துப்பாக்கி அளவின் கதை இதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது. பெரிய தோட்டாவை வெட்டுவதா, சிறிய தோட்டாவைப் புதிதாகச் செய்வதா என்ற பழைய கேள்விக்கு அமெரிக்கர்கள் இன்னொரு விடை கண்டார்கள்: மிக மெல்லிய, மிக வேகமான குண்டு. 5.56 மில்லிமீட்டர். அந்தத் தோட்டாவுக்கென்று செய்த ஏஆர் 15 என்ற துப்பாக்கியைக் கோல்ட் நிறுவனம் 1959-இல் விற்கத் தொடங்கியபோது, முதன்முதலில் வாங்கியவர்களில் நம் மலாயாக் கூட்டரசும் ஒன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வாங்கியது சிறு எண்ணிக்கைதான், சோதித்துப் பார்ப்பதற்கு. இலேசான துப்பாக்கி, குறைந்த உதை, ஒருவன் அதிகத் தோட்டா சுமக்கலாம். வெப்ப நாட்டுக் காட்டுக்கு ஏற்றது என்ற பேச்சு அப்போதே இருந்தது. பின்னால் வியட்நாம் போரில் அதன் குழலைப் பத்துப் பதினோர் அங்குலமாக வெட்டியபோது, ஜங்கிள் கார்பைனில் கண்ட அதே தொல்லை திரும்பி வந்தது: கண் கூசும் தீப்பிழம்பு, காது அடைக்கும் சத்தம், வேகம் குறைந்த குண்டு. வாயில் மறுபடியும் ஒரு குப்பியை மாட்டினார்கள். குட்டைக் குழலுக்கு நீண்ட குழலின் மருந்தைக் கொடுத்தால் நடப்பது இதுதான். ஆண்டு மாறினாலும் அது மாறவில்லை.

1960 ஜூலை 31-ஆம் நாள் அவசரகாலம் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் வந்த ஆயுதச் சட்டம்தான் இன்றும் நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பதை ஆள்கிறது. 1971-இல் இன்னும் கடுமையான தண்டனைச் சட்டம் ஒன்று வந்தது. குற்றம் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டால் கட்டாய மரண தண்டனை என்றது. அந்தக் கட்டாயம் 2023-இல் நீக்கப்பட்டு, நீண்டகாலச் சிறைக்கும் நீதிபதி தீர்ப்பளிக்கலாம் என்றாயிற்று. வீட்டைக் காக்க ஒரு குட்டை ரைஃபிளை வாங்கி வைத்துக்கொள்வது என்பது இங்கே சாதாரணக் குடிமகனுக்கு நடக்கிற காரியமே அல்ல.

லயங்களும் போய்விட்டன. கரும்பும் பின்னர் ரப்பரும் விளைந்த பத்து காவானில் இன்று மின்னணுத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014-இல் திறந்த இரண்டாம் பாலம் அங்கேதான் கரையேறுகிறது. முள்கம்பி வேலியைத் தாங்கிய கம்பங்கள் சில தோட்டங்களில் துணி உலர்த்தவும் மாடு கட்டவும் பயன்பட்டு, பிறகு துருப்பிடித்து மறைந்தன. பழைய ஹோம் கார்டு கையில் இருந்த ரகம் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லையுள்ள தோட்டக்காரர், மாநிலப் போலீஸ் தலைவரிடம் உரிமம் பெற்று ஒரு ஷாட்கன் வைத்துக்கொள்ளலாம். அதற்கான தோட்டாவையும் அனுமதிப்படியே வாங்க வேண்டும்.